ஐஸில் போட்ட உப்பு

எனக்கு வலியோ காய்ச்சலோ இருக்கவில்லை. இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. அதை எடுப்பதற்கு முன் செய்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ஹெப்படைட்டிஸ் பி (கல்லீரலில் தங்கி, ரத்தத்தின் வழியாகப் பரவும் வைரஸ்) இருப்பது தெரிந்தது. வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்த என்னை எழுப்பிக் கடைசி நாற்காலிக்கு அனுப்பினார்கள். ஏனென்று கேட்டேன். "உங்களைக் கடைசியா எடுத்துக்கிடலாம் சார்" என்றாள் செவிலி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஒருவருக்கு இந்தக் கிருமி இருந்து, மற்றவர்களுக்குத் தடுப்பூசி போடப்போகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் என் நோயைவிட என் மனைவியின் நோயே பெரிது. அந்த நோய் அவளுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மணக்குடிக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. என் அப்பா கரைமடி (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெரிய வலை) இழுத்தவர். எங்கள் தெருவில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் ஊரில் எல்லோருக்கும் நான் 'சார்'. பங்குச் சாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கு இந்த 'சார்' ஒரு காரணம்.

கண் மருத்துவர் என்னைக் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் இளம் பெண். பொறுமையாகப் பேசினார். இந்தக் கிருமி எனக்குப் பிறந்தபோதோ சிறுவயதிலோ வந்திருக்க வேண்டும் என்றார்.

"இவ்வளவு காலம் எனக்கு ஒண்ணும் செய்யலையே?"

"குழந்தை வயசுல வந்தா உடம்பு அதை வெளியாள்னு கண்டுபிடிக்கிறதில்ல சார். வீட்டு ஆள்னு நினைச்சுச் சும்மா இருந்துடும். அதனால ஆபத்து இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒருதடவை பார்த்துட்டு இருக்கணும்."

அடுத்ததாக என் மனைவியின் ரத்தத்தைப் பார்க்கச் சொன்னார். புஷ்பத்துக்குக் கிருமியும் இல்லை, கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருளும் (ரத்தத்தில் மிதந்து கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இல்லை. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் தொற்றாமல் இருந்தது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். இனியும் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம், உடனே தடுப்பூசி போடுங்கள் என்றார். மூன்று ஊசிகள். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

புஷ்பத்துக்குப் பஸ் என்றால் வாந்தி. அதைவிட, அவளுக்கு ஊராரைப் பற்றிய பயம் இருந்தது. எங்கள் பக்கம் கல்லீரல் என்று சொன்னாலே சாராயம் என்றுதான் கேட்கும். "சார் ரகசியமா குடிச்சிருக்காரு போல" என்று பேச்சு வரும். எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் சிறிய மருந்தகம் உண்டு. அங்கே இருக்கும் சிஸ்டர் கை நோகாமல் ஊசி போடுவார், வெளியே பேசவும் மாட்டார். மருந்தை நான் வாங்கி வந்தால் அவர் வீட்டுக்கே வந்து போடுவதாக ஏற்பாடு.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். அடுத்த முறை சரக்கு இருக்குமோ இருக்காதோ என்று கடைக்காரர் சொன்னதால் மூன்றையும் ஒரேயடியாக எடுத்தேன். வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்த மகனுக்கு முதல் ஊசியாகப் போட நான்காவதாக ஒன்று. குளிர் விடாமல் கொண்டுபோங்கள் என்றார் கடைக்காரர்.

என் மைத்துனன் சூசை மீன் வியாபாரி. காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து வடசேரிச் சந்தையில் போட்டுவிட்டு, மதியம் காலி டெம்போவோடு ஊர் திரும்புவான். அவன் வண்டியில் ஏறினேன். ஒரு தெர்மோகோல் பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை நொறுக்கி, பாலிதீன் உறையில் மருந்துக் குப்பிகளைப் போட்டு உள்ளே வைத்தோம். நல்ல வெயில். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட காலம் அது.

"அத்தான், வீடு போய்ச் சேருமுன்ன ஐஸு வெள்ளமாப் போவும். வீட்டுல கரண்டும் இருக்காது" என்றான் சூசை.

"உப்பு இருக்கா?"

"கருவாட்டுக்கு வாங்குன சாக்கு பொறத்த கெடக்கு. என்னத்துக்கு?"

"ரெண்டு கை அள்ளிப் போடு. ஐஸ் இன்னும் குளிரும்."

"உப்பு போட்டா ஐஸு உருகும்லா?"

"உருகும். உருகும்போது சுத்தி இருக்கப்பட்ட சூட்டையெல்லாம் உறிஞ்சி எடுக்கும். குளிர் பூச்சியத்துக்கும் கீழே எறங்கும். குச்சி ஐஸ்காரன் பின்ன எப்படிச் செய்கான்னு நெனச்ச?"

சூசை சிரித்துக்கொண்டே கல்லுப்பை அள்ளிப் போட்டான். "படிச்சவன் மண்ட படிச்சவன் மண்டதான். நான் இத்தன வருசம் ஐஸுல கெடந்து சாவுதேன், எனக்குத் தெரியல்ல பாரும்."

அன்று வழி முழுவதும் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. வகுப்பில் எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்த ஒன்று, சொந்த வாழ்க்கையில் ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்று.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது குப்பிகள் வெளிப்புறம் வெண்பனி பூத்திருந்தன. ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே மருந்து அசையவில்லை. உறைந்திருந்தது. குளிர் கெடவில்லை என்று திருப்தியோடு குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தேன்.

மறுநாள் காலை சிஸ்டர் வந்தார். அதற்குள் மருந்து இளகியிருந்தது. அவர் குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது என்ன ரவை மாதிரி தரிதரியா நிக்குது?"

"அது அலுமினிய உப்பு சிஸ்டர். அடியில படியத்தான் செய்யும். நல்லாக் குலுக்கிட்டுப் போடணும்னு அதிலேயே எழுதியிருக்கு."

"சார் சொன்னா சரிதான்" என்று அவர் ஊசியில் ஏற்றினார்.

குலுக்கிப் போடவும் என்ற வரிக்குப் பக்கத்திலேயே, உறைய விடக் கூடாது என்ற வரியும் இருந்தது. அறுவை செய்த இடது கண்ணைக் காரணம் சொல்லலாம். ஆனால் வலது கண் நன்றாகத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த வரியை மட்டும் வாசித்தேன்.

மகனுக்கு விசா எதிர்பாராமல் சீக்கிரம் வந்து, அவன் போய்விட்டான். அங்கேயே கம்பெனியில் ஊசி போட்டார்கள். அவனுக்கு வாங்கிய குப்பி கதவுத் தட்டிலேயே கிடந்தது. மற்ற இரண்டையும் சிஸ்டர் உரிய காலத்தில் புஷ்பத்துக்குப் போட்டார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்தோம். வரவில்லை. குறைவாகக்கூட இல்லை. எதுவுமே இல்லை.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "சில பேர் உடம்பு இந்த ஊசிக்குப் பதில் சொல்லாது. வயசு கூடினா அது அதிகம். மருந்தை எப்படிக் கொண்டுபோனீங்க சார்?"

"ஐஸ்ல வச்சு."

"உறைஞ்சு போகலையே?"

இந்தக் கேள்வி வந்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. வெண்பனி பூத்த குப்பிகளும் தரிதரியாக நின்ற மருந்தும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மகள் வயதுள்ள ஒரு பெண்ணிடம், வேதியியல் ஆசிரியன் உப்பைப் போட்டு மருந்தைக் கெடுத்தான் என்று சொல்ல வேண்டும்.

"இல்லை" என்றேன்.

"அப்ப அம்மாவோட உடம்புதான் பதில் சொல்லல. பரவாயில்ல. இன்னொரு சுற்று போட்டுப் பார்ப்போம். பலருக்கு இரண்டாவது தடவை எழும்பும்."

புஷ்பம் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கணக்கு வாத்தியார்களும் அறிவியல் வாத்தியார்களும் வந்துபோகிற வீட்டில் தன்னைத் தானே 'மக்கு' என்று சொல்லிச் சிரிப்பது அவள் வழக்கம். சூசையின் டெம்போவில் திரும்பினோம். வீட்டில் இறங்கியதும் அவள் சொன்னாள்.

"நான்தான் மக்குன்னு நெனச்சேன். எனக்க ஒடம்பும் மக்குதான் போல. மூணு ஊசி போட்டும் ஒண்ணும் மண்டையில ஏறல்ல பாத்தியளா."

சூசை சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு அவள் அதைப் பலரிடமும் வேடிக்கையாகச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரியிடம், சிஸ்டரிடம், தொலைபேசியில் மகனிடம். "எனக்க ஒடம்பு பெயிலாப் போச்சு மக்கா" என்பாள். நாளாக ஆக அந்த வேடிக்கை மெல்லக் குறைந்தது. முழங்கால் வலித்தால், சோறு செரிக்காவிட்டால், எதற்கும் "கொள்ளாத ஒடம்பு" (ஒன்றுக்கும் உதவாத உடம்பு) என்றாள். இரண்டாவது சுற்று ஊசிக்கு அவள் சம்மதிக்கவில்லை. "படிக்காத்த பிள்ளைய திரும்பவும் அதே வகுப்புல இருத்துனா படிச்சிருமா? எனக்கு வேண்டாம்."

வற்புறுத்த வேண்டியவன் நான். வற்புறுத்த வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். "சரி, பொறவு பாக்கலாம்" என்றேன்.

மறுவருடம் ஐப்பசி மழையில் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டை கிழிந்து ரத்தம் கொட்டியது. புஷ்பம் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்களின் கைகளில் மீன் செதிலும் முள்ளும் கீறிய சிறு காயங்கள் எப்போதும் இருக்கும். அந்தக் கைகளால் என் தலையை அழுத்திப் பிடித்தாள்.

"கைய எடு. போய்க் கழுவு" என்றேன்.

"மொதல்ல ரெத்தம் நிக்கட்டு. பேசாம இரியும்."

பக்கத்து மருத்துவமனையில் தையல் போட்டார்கள். தொற்றியிருக்கலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இப்படி நேர்ந்தால் உடனே, முடிந்தால் அன்றைக்கே, மருத்துவரிடம் போக வேண்டும். இம்யூனோகுளோபுலின் (தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) ஊசியும் தடுப்பூசியும் சேர்த்துப் போடுவார்கள். இதைப் பின்னால்தான் அறிந்தேன். ஆனால் கேட்டிருந்தால் அன்றே அறிந்திருப்பேன். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு ஐஸ் பெட்டிக்குப் போகும்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒருநாள் புஷ்பம் மீன்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வெளியே ஓடினாள். மணம் பிடிக்கவில்லை என்றாள். பிறந்தது முதல் மீனைத் தின்று வளர்ந்தவள் அப்படிச் சொன்னதும் நான் அவள் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். சில நாளில் சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது. பிறகு கண் மஞ்சளித்தது. அடுத்த வீட்டுக்காரி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்துகொண்டு வந்தாள். நான் வாங்கி வைத்துவிட்டு, சூசையின் வண்டியில் அவளை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

அதே மருத்துவர்தான். புதிய ஹெப்படைட்டிஸ் பி என்று உறுதியானது. கல்லீரல் வீங்கியிருந்தது. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் நீண்டிருந்தது (உறைவதற்கு வேண்டிய பொருட்களைக் கல்லீரல்தான் செய்கிறது, அது தளர்ந்தால் நேரம் கூடும்).

"பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உடம்பே துரத்திடும் சார். கொஞ்சம் பேருக்குக் கல்லீரல் திடீர்னு கைவிட்டுடும். அம்மா தெளிவாப் பேசறாங்களான்னு கவனிச்சுட்டே இருங்க. குழம்பினா உடனே சொல்லுங்க" என்றார்.

நான் கட்டிலருகே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். மருமகள் பேர் என்ன, நம் கல்யாணம் எந்தக் கோவிலில் நடந்தது.

"நீங்க பரீட்ச வைக்கதுக்கு நான் ஒங்க பள்ளிக்கொடத்துப் பிள்ளையா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"இண்ணைக்கு என்ன கெழம? அது மட்டும் சொல்லு."

"செவ்வா."

அன்று வெள்ளிக்கிழமை. நான் செவிலியைக் கூட்டிவர ஓடினேன். செவிலி வந்து விளக்கைக் கண்ணில் அடித்து, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா தெளிவாத்தான் இருக்காங்க" என்றாள்.

"ஆசுபத்திரில கெடக்கவளுக்கு என்னத்த கெழம" என்றாள் புஷ்பம். பிறகு மெதுவாக, "ஒடம்பு சரியில்லாத்தது எனக்கு. நீங்க ஏன் கெடந்து வெறைக்கிய? இந்த ஒடம்பு மொதல்லேருந்தே அப்படித்தானே" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தில் மருத்துவரை நிறுத்தி, டெம்போவில் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அம்மா இரண்டாவது சுற்றுக்குச் சம்மதிச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். கோபமான குரல் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்: "அந்த நாலாவது குப்பி இன்னும் இருக்கா?"

மறுநாள் சூசை அதை வீட்டிலிருந்து எடுத்துவந்தான். மருத்துவர் மருந்தகத்திலிருந்து புதிய குப்பி ஒன்றை வரவழைத்தார். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி, அவர் அறை ஜன்னல் விளிம்பில் பக்கம் பக்கமாக வைத்தார். இது கறாரான பரிசோதனை அல்ல, ஆனால் பார்த்தால் ஓரளவு தெரியும் என்றார்.

புதியது நீர்மோர் போல ஒரே சீராக நின்றது. என்னுடையதில் வெள்ளைச் செதில்கள் விறுவிறுவென்று இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் தனியாகப் பிரிந்தது. நான் வாழ்நாள் முழுவதும் சோதனைக் குழாய்களில் வீழ்படிவுகளைப் பார்த்தவன். இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை.

மனைவி படுக்கையில் கிடக்கும்போது இதைக் கேட்கிற மனம் என்ன மனம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன். "இதுக்குள்ள என்னதான் இருக்கு டாக்டர்?"

அவர் உட்காரச் சொன்னார். பிற்பாடு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தடுப்பூசியில் கிருமி இல்லை. கிருமியின் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட் (மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) செய்துகொடுக்கிறது. அந்தப் புரதத் துண்டுகள் தாமாகவே கூடி உருண்டைகளாகின்றன. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உருண்டை. அளவில் அது ஒரு நானோ துகள் (நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு, இந்த உருண்டை அதில் இருபது சொச்சம்). நிஜக் கிருமியும் தன் உறையை இதே போல வெற்று உருண்டைகளாக ரத்தத்தில் விடுவதுண்டு. அதைப் பார்த்துச் செய்த போலி இது.

உருண்டை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கம் அயினிச்சக்கை என்று ஒரு பழம் உண்டு, உள்ளங்கை அளவு பலாப்பழம் போல இருக்கும். தோல் முழுக்க ஒரே மாதிரி முள். ஒரு முள்ளைத் தனியே பிய்த்துக் கையில் வைத்தால் அது இருப்பதே தெரியாது. பழத்தை அப்படியே பிடித்தால் உள்ளங்கை முழுவதும் ஒரே நேரத்தில் உணரும். பி அணுக்களும் (எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணுக்கள்) அப்படித்தான். அவற்றின் மேல் கொக்கிகள் போலச் சில அமைப்புகள் உண்டு. ஒரு துண்டுப் புரதம் ஒரு கொக்கியில் மாட்டினால் அணு அசைவதில்லை. ஒரே வடிவம் வரிசை வரிசையாகப் பதிந்த உருண்டை வந்து பல கொக்கிகளை ஒன்றாக இழுத்தால்தான் விழிக்கிறது.

அந்த உருண்டைகளை அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டவைத்துத் தருகிறார்கள். நான் சிஸ்டரிடம் அடியில் படியும் என்று சொன்ன அதே உப்புதான். அது மருந்தைத் தசையில் கொஞ்ச காலம் தங்கவைத்து, அந்த இடத்தில் சிறிய எரிச்சலை உண்டாக்குகிறது. எரிச்சலை அறிந்து கிளையணுக்கள் (கைகளைக் கிளைகளாக நீட்டிச் சுற்றுப்புறத்தைத் துழாவும் அணுக்கள்) வருகின்றன. துகள்களை விழுங்கி, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குச் சென்று, அங்குள்ள அணுக்களுக்குக் காட்டுகின்றன.

"துகளோட அளவு மாறினா பாதையே மாறும் சார்" என்றார் மருத்துவர். "ரொம்பச் சின்னதா இருந்தா அதுவே வடிஞ்சு கணுவுக்குப் போயிடும். கொஞ்சம் பெருசா இருந்தா கிளையணு தூக்கிட்டுப் போகணும். இப்படித் தேவைக்கேத்த மாதிரி துகளைச் செய்யறதுக்கு இப்ப பெரிய ஆராய்ச்சியே நடக்குது."

"உறைஞ்சா என்ன ஆகுது?"

"தண்ணி ஐஸாகும்போது அலுமினியத் துகளெல்லாம் நெருங்கி ஒண்ணோடொண்ணு கட்டிக்குது. திரும்ப இளகினாலும் பழைய மாதிரி பிரியறதில்ல. உருண்டைகள் அந்தக் கட்டிக்குள்ள என்ன ஆகுது, எவ்வளவு கெடுதுன்னு எல்லாம் முழுசா விளங்கலை. ஆனா வீரியம் போயிடும். மருந்துப் பேரு அதேதான், அளவும் அதேதான். உடம்புக்கு மட்டும் அது தெரியாமலே போயிடும்."

புஷ்பத்தின் மஞ்சள் ஏன் இத்தனை கடுமை என்றும் கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னை அன்று வெகுநேரம் பிடித்து வைத்திருந்தது. இந்தக் கிருமி கல்லீரல் அணுக்களை நேரடியாகக் கொல்வதில்லையாம். கிருமி ஒளிந்திருக்கும் அணுக்களைத் தேடித் தேடி இடிப்பவை அவளுடைய சொந்த வெள்ளணுக்கள்தான். அவள் கண்ணின் மஞ்சள், அவள் உடம்பு சண்டை போடுவதன் நிறம். எனக்குள் அறுபது வருடத்துக்கு மேலாக அமைதி இருந்தது. அதை நான் ஆரோக்கியம் என்று நினைத்திருந்தேன்.

"அம்மாகிட்ட இதைச் சொல்லிடுங்க சார்" என்றார் மருத்துவர். "நான் சொன்னா சரியா இருக்காது."

ரத்தம் உறையும் நேரம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. மருத்துவர் ஆபத்து தாண்டியது என்று சொன்ன நாளின் மதியம், புஷ்பம் தலையணையைச் சுவரில் சாய்த்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சூசையும் இருந்தான். நான் சொன்னேன். உப்பு, வெண்பனி, மருத்துவரிடம் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

முதலில் சூசைதான் பேசினான். "அத்தான், உப்ப அள்ளிப் போட்டது நானாக்கும்."

"நான் சொல்லித்தான் நீ போட்ட. ஒனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

புஷ்பம் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அப்போ எனக்க ஒடம்புக்கு ஒரு கொழப்பமும் இல்லியா?"

"இருந்திருக்கலாம்ன்னும் டாக்டர் சொல்லுகா. உறுதியாச் சொல்ல முடியாதாம். ஆனா மருந்து கெட்டது நிச்சயம்."

"ஒங்களுக்கு அது எப்பத் தெரியும்?"

"அண்ணைக்கு டாக்டர் கேட்டப்பளே."

"உப்புப் போட்டத விடும். அது ஏதோ நல்லதுன்னு நெனச்சுச் செய்திய. நான் ஊரெல்லாம் எனக்க ஒடம்ப மக்குன்னு சொல்லிற்று நடந்தேன். ராவுல படுத்துக்கெடந்து எத்தன தடவ இந்த ஒடம்ப ஏசியிருப்பேன். பக்கத்துல படுத்துக்கெடந்து கேட்டுற்றுதானே இருந்திய?"

நான் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினேன்.

"சூச, இந்தக் கஞ்சிய எடு. ஆறிப்போச்சு" என்றாள்.

வீடு திரும்பிய பிறகு குணமாவது மெதுவாகத்தான் நடந்தது. மஞ்சள் போனால் நோய் போயிற்று என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கண் வெளுத்துப் பல வாரங்கள் ஆன பிறகும் அவளால் கோவில் வரை ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பாதி வழியில் சூசை வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மதியம் தூங்கி எழுந்தால் காலையா மாலையா என்று கேட்பாள். பசி முதலில் திரும்பியது, பிறகு மீன்மணம், அதற்கும் பிறகு கோபம்.

கோபம் கத்தலாக வரவில்லை. எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். ஆனால் தன் உடம்பைப் பற்றிய பேச்சை என்னிடம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். எங்கே வலிக்கிறது, எதைத் தின்றால் வயிறு கனக்கிறது என்பதெல்லாம் இப்போது சிஸ்டரிடம் போயிற்று. சிஸ்டரிடமும் நான் போய் நடந்ததைச் சொன்னேன். "நானும் கேட்டிருக்கணும் சார். கேக்கதுக்குத்தானே படிச்சேன்" என்றார். அது அவர் பெருந்தன்மை. அவர் கேட்டார். வாயை அடைத்தவன் நான்.

மருந்தை நீங்களே கொண்டுபோக நேர்ந்தால், கடைக்காரரிடம் ஐஸ்பாக் உள்ள பெட்டியைக் கேளுங்கள். மருந்து நேராக ஐஸில் படக் கூடாது. குளிர் குறைந்தால் கெடுவது போலவே கூடினாலும் கெடும். சந்தேகம் இருந்தால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போடுங்கள். தவறு நேர்ந்தால் அதைப் போட்டுக்கொண்டவரிடம் முதலில் சொல்லுங்கள்.

நோய் தொடங்கி ஆறு மாதம் ஆனபோது மறுபடியும் ரத்தம் கொடுத்தோம். கிருமி முழுவதும் போயிருக்க வேண்டும், எதிர்ப்பொருள் எழும்பியிருக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அவளும் என்னைப் போல வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். அந்த முறை அவள் பஸ்ஸில்தான் வந்தாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்தாள்.

பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீங்க இரியும். நான் போய்க் கேட்டுற்று வாறேன்" என்றாள்.

முடிவைக் கேட்க அவள் தனியாக உள்ளே போவது அதுதான் முதல் தடவை. கதவு மூடியது. தாழ்வாரத்தில் என்னைப் போல நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவள் எதையோ கேட்பதும், மருத்துவர் நீளமாக விளக்குவதும், இருவரும் சிரிப்பதும் கேட்டது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு சிரிப்பிலிருந்து என்ன தெரியும். நல்ல செய்திக்கும் சிரிப்பார்கள், கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டுத் தைரியம் கொடுக்கவும் சிரிப்பார்கள். தன் உடம்பைப் பற்றிய செய்தி இன்னொருவர் கையில் இருக்க, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் அவள் இருந்திருக்கிறாள். எனக்கு அரை மணி நேரமே தாங்கவில்லை.

வெளியே வந்து, "பசிக்குது, வாங்க" என்றாள்.

"என்ன சொன்னா?"

"பஸ்ஸுல ஏறட்டு. சொல்லுதேன்."

பஸ் கிளம்பி, ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புகளும் வயலும் வரத் தொடங்கின. அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். நடத்துனர் வந்து சீட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"கிருமி போயாச்சு. எதிர்ப்பும் வந்தாச்சாம்."

என் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அது தெளிந்ததும் வாய் தானாகக் கேட்டது. எதிர்ப்பொருளை ஓர் அளவு போட்டுச் சொல்வார்கள். பத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு, சிலருக்கு நூறு, சிலருக்கு ஆயிரம். "எத்தனை இருக்காம்?"

புஷ்பம் என் பக்கம் திரும்பினாள். ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் கண்ணில் பழைய குறும்பு இருந்தது.

"அது எனக்குத் தெரிஞ்சாப் போரும்" என்றாள்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. எனக்குக் கிருமி பெருகத் தொடங்கியதால் இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். காலத்தை ஆறு மாதம் ஆறு மாதமாகத்தான் என்னால் நினைக்க முடிகிறது. வலது விலாவுக்குக் கீழே சில நேரம் கையை வைத்துப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் தெரியாது. அவள் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவள் எலும்பு மஜ்ஜையிலும் கணுக்களிலும், அந்தக் கிருமியை அடையாளம் காணும், எனக்கு எப்போதும் கிடைக்காத ஒரு ஞாபகம் இருக்கிறது, அவள் இருக்கும் வரை இருக்கும். அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான். நான் கேட்பதில்லை.